6/6 தெரிகிறது, கடைசிப் படி தெரியவில்லை

கேள்வி: மேடம், எனக்கு வயது 64. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக, விளக்கு வைக்கும் நேரமானால் எல்லாவற்றையும் கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. கோயிலில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் காலை வைத்து விழுந்தேன். வாசலில் நிற்பவர் குரல் கொடுத்தால்தான் யாரென்று தெரிகிறது. இரண்டு இடத்தில் கண்ணைக் காட்டியாயிற்று. கண்ணாடியோடு கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். இரண்டு இடத்திலும் 6/6 என்று எழுதி, "கண் நல்லா இருக்கும்மா, வயசாச்சு இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது என்று ஒரு இடத்தில் மட்டும் சொன்னார்கள். மகன் போனில் ஏதோ ஆப் போட்டுச் சோதித்து, "நார்மல்னு வருது, எல்லாம் மனப்பிரமை" என்கிறான். கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் எதிர்வீட்டுப் பெண் "கான்ட்ராஸ்ட் டெஸ்ட் கேளுங்க" என்கிறாள். அது என்ன? அதில் குறை வந்தால் ஆபரேஷன்தானா? கண்ணாடியே வேண்டாத லென்ஸ் இருக்கிறதாமே, அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

டீச்சர், முதலில் இந்தப் பக்கத்தை உங்கள் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிரமை இல்லை. உங்களைப் போல "எல்லாம் படிக்கிறேன், ஆனா சரியா தெரியல" என்று சொல்பவர்கள் கண் பரிசோதனை செய்யும் எங்களிடம் தினமும் வருகிறார்கள். அவர்களில் பலர் சொல்வது சரி. நாங்கள் அளப்பதுதான் வேறொன்று.

கோலத்தை வைத்துச் சொல்கிறேன். காலையில் சாணம் தெளித்த ஈரத் தரையில் அரிசி மாவுக் கோலம் பளிச்சென்று இருக்கும். அதே கையால், அதே மாவில், அதே தடிமனில் வெளிறிய சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள். கோடு இருக்கும், ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கோட்டின் அளவு மாறவில்லை. கோட்டுக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம்தான் குறைந்துவிட்டது. எவ்வளவு சின்னக் கோடு வரை தெரிகிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு மங்கலான கோடு வரை தெரிகிறது என்பது வேறு கேள்வி. 6/6 (நல்ல கண் ஆறு மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை நீங்களும் ஆறு மீட்டரில் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்) முதல் கேள்விக்கு மட்டும் பதில். இரண்டாவதைத்தான் கான்ட்ராஸ்ட் சென்சிடிவிட்டி என்கிறோம். வேறுபாட்டு உணர்திறன் என்று தமிழில் எழுதலாம். மருத்துவமனையில் எல்லோரும் கான்ட்ராஸ்ட் என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

நீங்கள் படித்த அட்டை, நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெலன் 1862ஆம் வருடம் கொண்டுவந்த அட்டையின் வாரிசு. வெள்ளைப் பின்னணி, கன்னங்கரிய எழுத்து. வரி இறங்க இறங்க எழுத்து சிறுக்கும், கருமை மட்டும் குறையாது. கண்ணாடி பவர் பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் உங்கள் கோயில் படி கறுப்பில் வரைந்ததா? சாம்பல் நிறக் கல்லுக்குக் கீழே சாம்பல் நிறக் கல். அந்திக்கு வெளிச்சம் சரிந்ததும் இரண்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நிழலும் போய்விடுகிறது. முகமும் அப்படித்தான். கன்னம், மூக்கு, தாடை இவற்றுக்கு இடையே கறுப்பு வெள்ளைக் கோடு கிடையாது, மெல்லிய நிழல் மாற்றம்தான் இருக்கிறது. வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வாசலில் ஒருவர் நின்றால் அந்த நிழலும் கரைந்துவிடும். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம், வெள்ளை அடிக்காத வேகத்தடை, மை மங்கின பஸ் டிக்கெட், எல்லாம் இதே கணக்கு.

இதை அளக்க அதிகம் பயன்படுவது பெல்லி-ராப்சன் அட்டை. 1988இல் டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன், ஆர்னால்ட் வில்கின்ஸ் மூவரும் சேர்ந்து வெளியிட்டது. (இந்த ராப்சன், கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் கேம்ப்பெலோடு சேர்ந்து, மங்கிக்கொண்டே போகும் கோட்டு வரிசைகளைக் காட்டிக் கண்ணின் உணர்திறனை அளந்து 1968இல் எழுதியவர். அதற்கு இருபது வருடம் கழித்துத்தான் இந்த அட்டை வந்தது.) சுவர்க் காலண்டரைவிடப் பெரிய அட்டை. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு எழுத்து. எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரம். மூன்று மூன்று எழுத்தாகக் கருமை குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையில் பாதிக் கருமை. முதல் வரிசை தார் போல இருக்கும். கடைசி மூன்று எழுத்து பின்னணியைவிட அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கருமை. நல்ல கண் உள்ளவர்களுக்கே அங்கே வெறும் வெள்ளைதான்.

உங்களை ஒரு மீட்டர் தூரத்தில், உங்கள் தூரப் பார்வைக் கண்ணாடியோடு உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு கண்ணாகவும், பிறகு இரண்டையும் சேர்த்தும். ஐந்து பத்து நிமிட வேலை. சொட்டு மருந்து இல்லை, வலி இல்லை, கூச்சமும் இல்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. ஆறாவது வரிசை வந்ததும் பெரும்பாலானோர் "அவ்வளவுதான், இனிமே ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்துவிடுவார்கள். அங்கே நான் பேசாமல் இருப்பேன். பத்து விநாடி போகும். "அந்த இடத்தையே பாருங்கம்மா, அவசரமில்ல" என்பேன். இன்னும் பத்து விநாடி. தலையை லேசாகச் சாய்ப்பார்கள், ஒரு தடவை இமைப்பார்கள், அப்புறம் வெள்ளைச் சுவரிலிருந்து எழும்பி வருவது போல ஓர் எழுத்து வரும். "அட, எச்சா (H) அது?" எச்சேதான். மங்கலான எழுத்து கண்ணில் படியக் கொஞ்சம் நேரம் கேட்கும். அந்த இருபது விநாடியைக் கொடுக்காமல் "சரி, போதும்" என்று எழுதினால் எண் தப்பாகிவிடும். ஆகவே டீச்சர், அவசரப்படுத்தினால் நீங்களே "கொஞ்சம் இருங்க" என்று சொல்லலாம். ஊகித்துச் சொல்லவும் தயங்க வேண்டாம். சோதனை விதியே அதுதான். பள்ளிக்கூடப் பரிட்சையில் ஊகம் கூடாது என்று சொல்லிப் பழகிய உங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

மூன்றெழுத்தில் இரண்டு சரியாகச் சொன்னால் அந்தக் கூட்டம் பாஸ். கடைசியாகப் பாஸான கூட்டத்துக்கு ஓர் எண் உண்டு. முதல் கூட்டம் 0. பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் 0.15 கூடும்; கடைசிக் கூட்டம் 2.25. ஆறாவது வரிசையின் முதல் மூன்றெழுத்து 1.5. பின்னணியைவிட ஏறக்குறைய 3 சதவீதம் கருமை என்று அர்த்தம். இளைஞர்கள் 1.8, 1.95 என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உங்கள் வயதில் 1.65 வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 1.5க்குக் கீழே போனால் காரணம் தேட ஆரம்பிப்பேன். 1.0க்குக் கீழே என்றால் வீட்டுக்குள் நடமாடுவதே சிரமமாகியிருக்கும். அடுத்த முறை ஒரு கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கூட்டம் இறங்கினால் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். சாதாரணமாக இரண்டு கண்ணும் சேர்ந்தால் ஒற்றைக் கண்ணைவிட ஒரு கூட்டம் அதிகமாகப் படிக்க வேண்டும். ஒரு கண்ணில் புரை முற்றி மறு கண் தெளிவாக இருக்கிற சிலருக்கு, இரண்டையும் திறந்தால் நல்ல கண் மட்டும் படித்ததைவிடக் குறைந்துவிடும். மங்கின படம் நல்ல படத்தைக் கெடுக்கிறது. "ஒரு கண்ணை மூடிக்கிட்டா தேவலைங்க" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

எழுத்தெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. உங்களுக்குத் தொல்லை இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம் என்று படங்களே மங்கிக்கொண்டு போகும் லியா அட்டைகள் இருக்கின்றன. சொல்ல வராவிட்டால் கையிலுள்ள அட்டையில் தொட்டுக் காட்டினாலே போதும்.

மகனின் ஆப் விஷயம். போன் திரை கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படியாகத்தான் சாம்பல் நிறத்தைக் காட்டுகிறது. வெள்ளைப் பக்கத்தில் ஒரு படி இறங்கினாலே ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும். அதைவிட மெல்லிய வித்தியாசத்தைக் காட்ட மென்பொருளில் தனி வித்தை வேண்டும். திரையின் வெளிச்சம் தானாகவே ஏறி இறங்குவதும், ஜன்னல் அதில் பிரதிபலிப்பதும் வேறு. கவனமாகச் செய்த கருவிகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தோடு இலவசமாக வரும் ஆப் "நார்மல்" என்பதை வைத்து அம்மாவைப் பிரமை பிடித்தவர் ஆக்க வேண்டாம். அட்டையை ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட மோசம், அதையும் பார்த்திருக்கிறேன்.

அசல் அட்டையாக இருந்தாலும் அறை முக்கியம். வெளிச்சம் அட்டை முழுவதும் ஒரே சீராக விழ வேண்டும். மேலே ஒரே டியூப்லைட், கீழ்ப் பாதி இருட்டு என்றால் கண்ணுக்குப் பதில் டியூப்லைட்டைத்தான் அளக்கிறோம். விரல் பட்டு அழுக்கேறிய அட்டையும் அப்படித்தான்.

இனி, எண் குறைந்தால் என்ன என்ற கேள்வி. இங்கேதான் நிதானம் வேண்டும். இந்தச் சோதனை நோயின் பெயரைச் சொல்லாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் டைபாய்டா டெங்குவா என்று சொல்லாதில்லையா, அது மாதிரி. புரையில் குறையும், கண் அழுத்த நோயில் குறையும், விழித்திரை கெட்டாலும் பார்வை நரம்பு வீங்கினாலும் குறையும், கண் உலர்ந்து போனாலும், முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்த கண்ணாடியாலும் குறையும். கண் அழுத்த நோயில் கடைசிக் கட்டம் வரைக்கும்கூட 6/6 நிற்கலாம் என்பதால் 6/6ஐ நம்பி உட்காரக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு விழித்திரையில் கண்ணுக்குப் படும்படி எதுவும் வருவதற்கு முன்பே கான்ட்ராஸ்ட் இறங்குவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடமும் இதுதான். எட்டு வருடச் சர்க்கரை. இரண்டு இடத்திலும் எழுத்து படிக்கச் சொன்னார்கள் என்கிறீர்கள். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவை விரியவைத்து, விழித்திரையைப் பார்த்தார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. கண் அழுத்தம் பார்த்ததாகவும் இல்லை. நடந்து நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சரி. நடக்கவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் அட்டையைவிட அதுதான் முதல் வேலை. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதிப்பவள்; கண் டாக்டர் இல்லை. அந்த முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானும் என்னிடம் வருபவர்களை அவரிடம்தான் அனுப்புகிறேன்.

என்னுடைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்து மூன்றாவது வருடம், ஒரு சிறிய கண்ணாடிக் கடையில் இருந்தேன். நெசவாளர் ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். "வெள்ளை ஊடையில வெள்ளை இழை அறுந்தா தெரியமாட்டேங்குது. முன்னெல்லாம் விளக்கே இல்லாம பிடிச்சு முடிவேன்" என்றார். அட்டையைக் காட்டினேன், கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். 6/6. தறி மேலே நல்ல பல்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது 6/24. சிவப்பு நூலும் பழுப்பு நூலும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். அப்போதுதான் கேட்டேன், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. காசநோய்க்கு நாலு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் எத்தாம்பியூட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். அட்டையில் எழுத்து படிப்பது கெடுவதற்கு முன்பே கான்ட்ராஸ்ட்டும் நிறமும் கெடலாம். அன்றே டாக்டரிடம் அனுப்பினோம், அந்த மருந்தை நிறுத்தி வேறு கொடுத்தார்கள், பார்வை மெதுவாகத் திரும்பியது. அந்த மனிதர் முதல் நாளே தன் நோயைச் சரியாகச் சொல்லியிருந்தார். வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை என்பதைவிடத் தெளிவாக ஒருவர் கான்ட்ராஸ்ட் குறைவைச் சொல்ல முடியாது. என்னிடம் அப்போது அந்த அட்டையும் இல்லை, கேட்கும் புத்தியும் இல்லை. (இதைப் படிக்கும் யாரும் காசநோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். பார்வையில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மாத்திரை கொடுத்த இடத்தில் சொல்லுங்கள்.)

ஆபரேஷன்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திரையும் அழுத்தமும் நன்றாக இருந்து, புரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னால், 6/6 இருக்கிறதே என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புரை உள்ள லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே சிதறடிக்கிறது. சிதறிய வெளிச்சம் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரை போடுகிறது. அதுதான் உங்கள் கஞ்சித் தண்ணீர். கட்டைக் கறுப்பு எழுத்து அந்தத் திரையைத் தாண்டித் தெரிந்துவிடும், படி விளிம்பு தாண்டாது. லென்ஸின் பின்பக்க உறையை ஒட்டி வரும் புரையில் இது ரொம்ப வெளிப்படை: இருட்டறையில் அட்டையை நன்றாகப் படிப்பார்கள், வெயிலிலோ எதிர்வண்டி விளக்கிலோ ஒன்றும் தெரியாது. படி தவறி விழுகிற அளவுக்கு வந்துவிட்டது என்பது டாக்டர் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம். கான்ட்ராஸ்ட் எண் கையில் இருந்தால் உங்கள் சொல்லுக்குப் பக்கபலம். அந்த எண்ணை மட்டும் வைத்து யாராவது உடனே தேதி குறித்தால், சம்மதிக்க வேண்டாம்.

கண்ணாடி வேண்டாத லென்ஸ் என்பது மல்டிஃபோகல். உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போடுவதால்தான் இரண்டும் தெரிகிறது. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் குறையத்தானே செய்யும்? ஒற்றைக் குவிய லென்ஸோடு ஒப்பிட்டால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறைவு, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் உண்டு. கண்ணில் வேறு கோளாறு இல்லாதவர்கள் பலர் அதில் சந்தோஷமாக இருக்கிறார்கள். உங்கள் குறையே கான்ட்ராஸ்ட். கூடவே சர்க்கரை, நாளைக்கு விழித்திரையிலும் ஏதாவது வரலாம். என் அம்மாவாக இருந்தால் ஒற்றைக் குவிய லென்ஸ்தான் சொல்வேன், அதிலும் ஆஸ்ஃபெரிக் வகை. கருவிழியின் வளைவால் வரும் மங்கலை அது ஈடுகட்டும், அந்தி வெளிச்சத்தில் பலன் தெரியலாம். படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது பெரிய கஷ்டமா என்ன?

எங்கே போவது? பெரிய கண் மருத்துவமனைகளில், குறிப்பாகக் குறைபார்வைப் பிரிவு உள்ள இடங்களில் இந்த அட்டை இருக்கும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில் அந்தப் பிரிவு உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எது வசதியோ அங்கே போன் செய்து "பெல்லி-ராப்சன் இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கே சொட்டு மருந்தும் விடுவார்கள், நாலைந்து மணி நேரத்துக்குக் கண் கூசும், தனியாகப் போகாதீர்கள். கான்ட்ராஸ்ட்டைச் சொட்டு மருந்துக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். பாப்பா விரிந்த பிறகு பார்த்தால் எண் வேறாக வரலாம். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே கண்ணில் திடீரென்று மங்கினாலோ, கண்ணை உருட்டும்போது வலித்தாலோ, நிறம் வெளிறினாலோ, இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய முடிந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். முதல் படியும் கடைசிப் படியும் கட்டாயம். தயிர்சாதத்தை வாழையிலையிலோ கரும்பச்சைத் தட்டிலோ போட்டுச் சாப்பிடுங்கள். வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை, கத்தரிக்காய்க்கு வெள்ளைப் பலகை. படிக்கும் விளக்கு கண்ணுக்கு எதிரே இல்லாமல் தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழட்டும். ரவை சலிப்பதும் அரிசியில் கல் பொறுக்குவதும் பகல் வேலையாக இருக்கட்டும். அந்திக்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றால் மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் என்ன சொன்னாலும் சரி.

மருத்துவமனைக்கு அவரைத்தான் கூட்டிப் போக வேண்டும். உங்கள் சோதனை முடிந்ததும் அதே நாற்காலியில் அவரையும் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் நின்ற வரிசைக்குக் கீழே அவர் எத்தனை எழுத்து படிக்கிறார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எண்களை எனக்கு எழுதுங்கள், விழித்திரை பற்றி டாக்டர் எழுதிய இரண்டு வரியையும் சேர்த்து.